இடது கால் பூட்ஸ்

இன்று நீர் வடிவது பத்து நாற்பதுக்கு.
சமையலறைச் சுவரில் ஒட்டிய அட்டவணை
அப்படித்தான் சொல்கிறது.
கடல் அதைப் படித்ததில்லை; ஆனாலும் தவறுவதில்லை.

அணைக்கரைப் புல்லில் ஆடுகளை விலக்கிக்கொண்டு
மூவரும் இறங்குகிறோம்:
ஏழு வயது வீப்கே, ஐந்து வயது தியார்க்,
மாற்றிவைத்த முழங்காலோடு நான்.

சற்றுமுன் வடகடல் இருந்த இடத்தில்
அடிவானம்வரைக்கும் ஈரச் சேறு.
வானம் அதில் குப்புறப் படுத்திருக்கிறது.
மணற்புழுக்கள் பிழிந்துவைத்த சுருள்கள்,
கால் வைக்க இடமில்லாமல்.
"இது புழு தின்னதா, கழிஞ்சதா?" என்கிறாள் வீப்கே.
இரண்டும்தான் என்கிறேன்.
இதைவிட நல்ல பதில்
அறுபத்தெட்டு வருடத்தில் எனக்கு வாய்த்ததில்லை.

முப்பத்தாறு ஆண்டுகள்
அணைக்கு அந்தப் பக்கம், நீரேற்று நிலையத்தில் இருந்தேன்.
கடலைவிடத் தாழ்ந்த வயல்களில் தேங்கும் மழையைக்
கடலுக்கே அள்ளி அனுப்பும் வேலை.
சம்பளம் உண்டு, சீருடை உண்டு,
நள்ளிரவில் மோட்டார் நின்றால்
வீட்டில் படுத்திருந்தும் விழித்துக்கொள்ளும் நோய் உண்டு.
கடல் எனக்கு ஓர் எண்.
சிவப்புக் கோட்டுக்குக் கீழே இருந்தால் சரி.

தியார்க்கிடம் கோடு எதுவும் இல்லை.
ஒரு நண்டின் முன் குந்துகிறான்.
அது கொடுக்கை உயர்த்துகிறது;
இவன் இரண்டு விரலை உயர்த்துகிறான்.
வெகுநேரம் அப்படியே.
எனக்கு முதுகு வலித்தது. அவசரப்படுத்தவில்லை.

பிறகுதான் அது நடந்தது.
ஓடையோரம் சேறு இளகியிருந்தது.
தெரிந்திருக்க வேண்டியவன் நான்.
இடது கால் முழங்கால்வரை போய்விட்டது,
இழுக்க இழுக்க இன்னும் உள்ளே.
மணி பதினொன்றரை.
தொலைவில் ஒரு வெள்ளிக் கோடு
தடித்துக்கொண்டே வந்தது.

"உக்காருங்க தாத்தா" என்றாள் வீப்கே,
நாற்காலி போட்டிருப்பவள் போல.
உட்கார்ந்தேன், சேற்றில்.
ஒருத்தி கையை, ஒருவன் இடுப்புவாரைப் பற்றி இழுக்க,
பெரிய முத்தச் சத்தத்தோடு
கால் வந்தது.
பூட்ஸ் வரவில்லை.

சிரித்துச் சிரித்து தியார்க்குக்கு விக்கல்.
அந்த விக்கலோடுதான் கரைவரை நடந்தோம்,
பாதி தூரம் வேகமாக,
அவர்களுக்குத் தெரியாமல் நான் கோட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி.

புல்லில் அமர்ந்து ரொட்டி தின்றோம்.
நீர் வந்தது.
எங்கள் தடங்களில் பெரிது சிறிது பாராமல்
ஒவ்வொன்றையும் நிரப்பி, பிறகு மூடியது.
"இப்போ பூட்ஸுக்குள்ள யாரு இருப்பா?"
"நண்டு" என்றான் தியார்க்.
"நண்டும் அதோட பொண்டாட்டியும்" என்றாள் வீப்கே.

இத்தனை வருடம் நான் கடலுக்கு அனுப்பிய தண்ணீரில்
ஒரு சொட்டுக்கும் என் அடையாளம் இல்லை.
இன்று அனுப்பியது:
பச்சை ரப்பர், இடது கால், அளவு நாற்பத்து மூன்று.

ஞாயிறன்று ஹாம்பர்க் ரயில்.
நாளை நீர் வடிவது பதினொன்றரைக்கு.
பக்கத்து வீட்டு போயெயிடம்
ஒரு ஜோடி கேட்டு வைத்திருக்கிறேன்.