இடது காது

தடைக்காலம் முடிய நாலு நாள்.
தேங்காய்ப்பட்டினம் துறைமுகத்தில்
தண்ணீர்க் கேன்களை எண்ணினேன், அறுபத்திரண்டு.
திரும்ப எண்ணினேன், அறுபத்தொன்று.
குறைந்த ஒன்றின்மேல் கிளீற்றஸ் உட்கார்ந்திருந்தான்.

பாயை விரித்தோம்.
குழித்துறையில் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கிறவர் தைத்தது.
காற்று கூடினால் சுருக்கிக் கட்ட
மூன்று வரிசை கண் வேண்டும் என்றதற்கு
"எந்த லாரிக்கு அண்ணே?" என்று கேட்டவர்.
ஊரில் இதற்குப் பெயர் ஸ்ராங்கின் பாவாடை.
எஞ்சின் இருக்கிற படகுக்குப் பாய் எதுக்கு என்பார்கள்.
ஷாப்டு முறிந்து பதினொரு நாள்
நீவாட்டோடு ஒழுகிப் போனவன்
அதற்குப் பதில் சொல்வதில்லை.
ஆஞ்சான் கயிற்றை விரல் விரலாகத் தடவிப் பார்ப்பான்,
நைந்த இடம் தேடி.

ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு
துண்டால் எல்லோர் கண்ணையும் கட்டினேன்.
பருமலை இறக்கு. இரண்டாம் கண்வரிசையில் சுருக்கு.
தாமான் கயிறு யார் கையில்?
யார் கையிலும் இல்லை.
பனியடிமை பிடித்து இழுத்தது லியோனின் கைலியை.
ஏழாவது தடவை
ஒருவரும் பேசாமல் பாய் சுருங்கியது.
படகுத் துறைக்கு வெளியே
கச்சான் மணல்மேட்டில் மோதி
எங்களைக் கேட்டுக்கொண்டிருந்தது.

பிறகு பனிப்பெட்டி மூடியில் உட்காரவைத்துக் கேட்டேன்:
"ஒளிச்சு வச்சிருக்க சீக்கு, பயம், என்னவும் சொல்லுங்கலே.
அங்க வச்சுத் தெரிஞ்சா எனக்கு உதவாது.
சொன்னதுக்காக ஒருத்தனையும் எறக்க மாட்டேன்."

கிளீற்றஸுக்குக் கல்லடைப்பு.
மார்த்தாண்டத்தில் ஸ்கேன் எடுத்த தாளைப்
பர்ஸில் மாதாப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தான்.
லியோனுக்கு அடுப்பென்றால் பயம்.
சமையல்காரன் சொன்னதும் சிரித்தோம்;
அவன் சட்டையைத் தூக்கிக் காட்டினான்,
சிரிப்பதை நிறுத்தினோம்.
புதுப்பையன் ராபின்சன், "வாந்தி, மூணு நாள்" என்றான்.
அது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.
செர்வாசி, "ஒண்ணுமில்ல அண்ணே."

என் முறை.
இடது காது போய் நாலு வருஷமாச்சு.
அந்தப் பக்கம் நின்று
நீங்கள் கத்துவது எதுவும் எனக்குக் கேட்பதில்லை.

மறுநாள் காலையில்
ஐந்து பேரும் என் வலப்பக்கமே நின்றார்கள்.
படகு அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்தது.

புறப்படுவதற்கு முந்தின இரவு
செர்வாசி வீட்டுக்கு வந்தான்.
செருப்பைக் கழற்றவில்லை.
வலிப்பு. வருஷத்துக்கு ஒண்ணோ ரெண்டோ.
கடைசியாக வந்தது ஈஸ்டர் கழிஞ்சு.
"எறக்க மாட்டேன்னு சொன்னீங்க."
சொன்னேன்.

அமரத்தில் தனியாக, இருட்டில்,
கண்வரிசைக்குக் கையை நீட்டும்போது
அவன் கை எப்படித் துடிக்கும் என்று
விடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.
சொல்லாமல் இருந்திருந்தால் வந்திருப்பான்.
சொன்னவனை இறக்கினேன்.
முன்பணம் திரும்பத் தர வேண்டாம் என்றேன்,
அதைச் சொன்னது இன்னும் அசிங்கமாக இருந்தது.

ஐஸ் ஏற்ற வந்தான், யாரும் கூப்பிடாமலே.
நூற்றைம்பது கட்டியையும் அவனே உடைத்தான்.
டீசல், அரிசி, புளி, ராபின்சனுக்கு எலுமிச்சை,
ஆளுக்கொரு விசில் கழுத்தில்.
அவனுடைய விசிலைக் கழற்றி
என் கழுத்தில் இரண்டாவதாகப் போட்டான்.

கட்டுக்கயிற்றை அவிழ்த்து எறிந்ததும் அவன்தான்.
முகத்துவாரத்தில் அலை எழுந்து நின்றது.
மூன்றை விட்டு நாலாவதன் முதுகில் ஏற வேண்டும்.
ஒன்று. இரண்டு.
கல்வரிசை மேல் செர்வாசி கூடவே ஓடிவந்தான்,
இடப்பக்கம்.
வாயைச் சுற்றிக் கைகுவித்து என்னமோ கத்தினான்.
மூன்று.
அணியம் வானத்துக்கு ஏறி
உடம்போடு தண்ணீரில் விழுந்தது,
பலகையெல்லாம் ஒருதடவை பேசியது,
தாண்டிவிட்டோம்.

உப்பைத் துடைத்துக்கொண்டு கேட்டேன்,
"அவன் என்ன சொன்னான்?"

கிளீற்றஸ் லியோனைப் பார்த்தான்.
லியோன் பாயைப் பார்த்தான்.
"ஒண்ணுமில்ல அண்ணே" என்றான் பனியடிமை,
என் வலது காதுக்குப் பக்கத்தில் வந்து,
தெளிவாக.