வெள்ளை அட்டை

இன்னாசிமுத்து மேனேஜர் ஆனதும்
முதல் வேலையாக என்னை நீக்கினான்.
மின்வாரிய வெள்ளை அட்டை ஒன்றின் முதுகில்
பதினோரு பெயர் எழுதியிருந்தான்.
இரண்டு தடவை படித்தேன்.
மூன்றாம் தடவை எண்ணினேன்.
பதினொன்று சரியாக இருந்தது.

செக்காலை யுனைடெட். மாவட்ட லீக், இரண்டாம் டிவிஷன்.
பதினான்கு வருஷம் அவன் லெஃப்ட் பேக்,
அவனுக்கு முன்னால் நான்.
பந்தைப் பறித்ததும் தலை நிமிராமல் தட்டுவான்,
நான் அங்கே இருப்பேன் என்று.
பெரும்பாலும் இருந்தேன்.
இல்லாத நாளில் பந்து
செம்மண் தாண்டிக் கருவேல முள்ளில் போய்
புஸ்ஸென்று உட்காரும்.
எங்களிடம் இருந்தது ஒரே பந்து.

இருபத்தொரு வயதில் சென்னைக்குப் போனான்.
ஒரு வங்கி அணியின் பெஞ்சில் ஐந்து மாதம்.
கடைசி மேட்ச், எண்பத்தெட்டாவது நிமிஷம்,
இறக்கினார்கள்.
ஒரு த்ரோ எறிந்தான்.
கால் தரையை விட்டு எழும்பியதென்று
ரெஃப்ரி விசிலடித்தார்.
என்னிடம் மட்டும் சொன்னது இது.
ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம்
"மெட்ராஸ்ல ஆடினேன்."
பொய்யில்லையே.

பிறகு மீட்டர் ரீடிங் வேலை.
கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான், சைக்கிளில்.
"அறுபது தேக்குத் தூண், அஞ்சு கட்டு, ரெண்டு தெருவுக்கு வாசல்.
மீட்டர் அசையல மாப்ள.
பின்னாடி ஓட்டு வீட்டுல
ஒரு அம்மா மாவாட்டி விக்குது,
சக்கரம் பறக்குது.
ஆளப் பாக்காத, சக்கரத்தப் பாரு."
அப்படிப் பார்த்துத்தான்
புதுவயல் அரிசி ஆலையில் மூட்டை தூக்கிய
கருமலையானை சென்டர் பேக் ஆக்கினான்.
ஜெர்சிக்கு ஊறுகாய்க் கம்பெனியைப் பிடித்தான்.
இரண்டு துவைப்பில் 'காய்' கரைந்துபோக
முதுகில் 'ஊறு' மட்டும் நின்றது.
அந்த வருஷமே தேவகோட்டை செவன்ஸில்
அவனுடைய முழங்கால் போயிற்று.
ஆட முடியாதவனுக்குக் கொடுக்க
கிளப்பில் ஒரே பதவிதான் காலியாக இருந்தது.
சம்பளமில்லை.
வேன் வாடகையில் துண்டு விழுந்தால்
அதுவும் அவன் கணக்கு.

"மீட்டர் நின்னுருச்சு மாப்ள" என்றான்,
என் காலைப் பார்த்து.
எனக்கு முப்பத்தாறு.
அவனுக்கும் முப்பத்தாறு.
பதினொரு நாள் பேசவில்லை.
பன்னிரண்டாம் நாள் மைதானத்துக்குப் போனேன்,
வேடிக்கை பார்க்க என்று வீட்டில் சொல்லிவிட்டு.
என் இடத்தில் ஒரு காலேஜ் பையன்.
வேகம், அய்யோ அந்த வேகம்.
பந்துக்கு முன்னாலேயே ஊருணிக் கரைக்குப் போய்விடுகிறான்.
எனக்குச் சிரிப்பு வந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.
அதற்கு வெட்கப்படக்கூட இல்லை.

கடைசி மேட்ச்சுக்கு
எங்கள் பக்கத்து லைன்ஸ்மேன் வரவில்லை.
அவன் மச்சினிக்கு வளைகாப்பு.
இன்னாசி என் முகத்தைப் பார்க்காமல்
கொடியை நீட்டினான்.
"அங்கிட்டுப் போய் நில்லு."
நின்றேன்.
டிரா போதாது, ஜெயித்தால்தான் டிவிஷனில் இருப்போம்.
எண்பத்தி மூன்றாவது நிமிஷம்
கருமலையான் அடித்த நெட்டுப் பந்து,
பையன் ஓடுகிறான், உள்ளே போடுகிறான், கோல்.
வேன் டிரைவர் வேட்டியை அவிழ்த்துச் சுற்றுகிறார்.

என் கை மேலே இருந்தது.
கொடியோடு.

பந்து கிளம்பியபோது பையன் முன்னால் இருந்தான்.
பார்த்தேன். பார்த்ததைத்தான் காட்டினேன்.
வேறு யாராவது அந்த இடதுபுறம் ஓடியிருந்தால்
கை அவ்வளவு சீக்கிரம் எழும்பியிருக்குமா,
இன்றுவரை தெரியாது.

வேனில் ஒருவரும் பேசவில்லை.
குன்றக்குடி தாண்டியதும்
பின் சீட்டுக்கு நொண்டிக்கொண்டே வந்து உட்கார்ந்தான்.
"எவ்வளவு?"
"ஒரு அடி."
"ஒரு அடியா, அரை அடியா?"
வெளியே பார்த்தேன். இருட்டு.
சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து
எதையோ எழுதினான்.
வேன் குலுங்கியதில் பேனா கிழித்தது.
"ரீடிங் ரீடிங்தான்" என்றான்.
கொஞ்ச நேரம் கழித்து,
"மூணாம் டிவிஷன்ல
கொடியும் நாமளே வாங்கணுமாம்டா."