ஆள் அல்ல

டோக்கன் நாற்பத்தேழு.
பெயர் கேட்டேன்.
ஹுன்பிஷ் என்றான்,
கண்ணாடித் தடுப்பின் ஓட்டைக்குக் குனிந்து,
பின்னால் இருப்பவர்கள் காதில் விழாதபடி.

ஹுன் என்றால் மனிதன்.
பிஷ் என்றால் அல்ல.
எங்கள் மொழியில் அதற்குமேல் அதில் புதிரில்லை.

அர்வைஹேர் பதிவு அலுவலகத்தில்
எனக்கு இது பதினோராவது குளிர்காலம்.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
ஜன்னல்வரை நிலக்கரிப் புகை.
உப்புப்போட்ட பால்தேநீர் என் குவளையில்
ஆடை கட்டிக்கொண்டிருந்தது.

கொரியாவுக்குப் போகிறேன், என்றான்.
கார்க் கண்ணாடித் தொழிற்சாலை.
மொழி வகுப்பில் அவரவர் பெயருக்குப்
பொருள் சொல்லச் சொன்னார்கள்.
தங்கக் கோடரி என்றான் ஒருவன்.
வாத்தியார் கைதட்டினார்.
இரும்பு வீரன் என்றான் இன்னொருவன்.
அடுத்தது நான்.
கழிவறைக்குப் போய்விட்டேன்.

சரி, என்ன வேண்டும்?
மோங்க்ஜர்கல், என்றான். நிலைத்த இன்பம்.
தட்டிப் பார்த்தேன்.
எங்கள் மாகாணத்தில் மட்டும்
இரண்டு பேருந்து கொள்ளாது.
ஹுன்பிஷ்?
நான்கு பேர். மூவருக்கு எழுபது தாண்டிவிட்டது.
அந்தப் பெயரைக் கடைசியாக எழுதியது
இவனுக்குத்தான்.
அபூர்வமான பெயர், என்றேன், ஆறுதலாக.
அழியட்டும், என்றான்.

விதிப்படி பழைய அட்டையை எடுக்க வேண்டும்.
மூன்றாவது அலமாரி, அடித்தட்டு.
தந்தை டாம்டின், தாய் த்செவெல்மா.
நீல மை. ஒரே எழுத்தரின் சாய்ந்த எழுத்து.

முதல் ஆண் மகவு: மோங்க். நிலைத்தது.
நாற்பது நாள்.

இரண்டாவது: ஜர்கல். இன்பம்.
ஒன்பது நாள்.

மூன்றாவது வரியில் பேனா தயங்கியிருக்கிறது,
சின்னதாய் ஒரு மைப்பொட்டு.
பிறகு: ஹுன்பிஷ்.

கடன்காரன் வாசலில் நின்று கூப்பிட்டால்
ஆளில்லை என்று உள்ளிருந்து குரல் கொடுப்போமே,
அதேதான்.
எடுத்துப்போக வருவது
எட்டிப் பார்க்கும்; பெயரைக் கேட்கும்;
மனிதன் அல்ல என்றால்
தொட்டிலைத் தாண்டிப் போய்விடும்.
போயிருக்கிறது.
இருபத்தொன்பது வயது, தலையில் நரித்தோல் தொப்பி,
விண்ணப்பக் கட்டணத்துக்குச்
சில்லறை எண்ணிக்கொண்டிருக்கிறான்.

அம்மா உங்களை எப்படிக் கூப்பிடுவார்?
டேய் என்பாள். இருட்டிவிட்டால் அதுவும் இல்லை,
நாக்கைச் சொடுக்குவாள், குதிரைக்குட்டிக்குச் செய்வதுபோல.
மூன்று வயதுவரை வெளியே தூக்கிப்போனால்
நெற்றியில் அடுப்புக்கரி.
அவ்வளவு அசிங்கமாகவா இருந்தேன் என்று
கேட்டேன் ஒருமுறை.
எழுந்து போய்விட்டாள்.

புதுப் பெயர் யார் சொன்னது?

யாரும் சொல்லவில்லை.
தூக்கத்தில் அம்மா முனகுவாள்.
மோங்க்.
கொஞ்சம் பொறுத்து, ஜர்கல்.
கேட்க நன்றாக இருக்கும்.
என்னை அப்படிக் கூப்பிட ஆசையோ என்னவோ.

அட்டையை அவன் பக்கம் திருப்பலாம்.
திருப்பக் கூடாது என்று எந்த விதியும் இல்லை.
அரசுக்குப் பிசாசில் நம்பிக்கை கிடையாது.
எனக்கும் கிடையாது, மாலை ஆறு மணிவரை.
மணி நாலே முக்கால்.
முத்திரையை மையில் ஒற்றி எடுத்தேன்.
கை அந்தரத்தில் நின்றது.

சர்வர் வேலை செய்யவில்லை, என்றேன்.
திங்கள்கிழமை வாருங்கள்.
அம்மாவையும் கூட்டி வாருங்கள்.

தொப்பியின் காதுகளை இறக்கிவிட்டு
அரசாங்கத்தை வைதுகொண்டே போனான்,
மனிதன் அல்லாதவன்,
ஈரக் காலணித் தடம் பதித்து.

நாற்பத்தெட்டு, என்றேன்.
பெஞ்சில் யாரும் எழவில்லை.
வாசல் கதவு அவன் போன பின்னும் மூடாமல்
குளிரை உள்ளே விட்டுக்கொண்டு நின்றது.

நாற்பத்தெட்டு.

விண்ணப்பத்தைக் கவிழ்த்து வைத்தேன்.
கண்ணாடித் தடுப்பின் ஓட்டையை
உள்ளங்கையால் மூடிக்கொண்டேன்.