மூன்றாவது முறை கதவு திறந்தபோது

ஒஹையோவில் மதியம் இரண்டு மணி.
இலோயிலோவில் எனக்கு விடியாத இரண்டு மணி.
நேற்று அங்கே திறந்த ஒரு கதவு
நாற்பத்தோரு கிகாபைட்டாக
என் மேசையில் வந்து இறங்குகிறது.
லொரெட்டா விசோக்கியின் கதவு.
வெள்ளைச் சாயம் உரிந்து, அடியில் பச்சை தெரிகிறது.

அழுகையைக் கண்டுபிடிப்பது என் வேலை.
கோல்பியின் குறிப்பு எப்போதும் ஒன்றுதான்:
பதினைந்தாம் வினாடிக்குள் கண்ணீர் வரவேண்டும்,
தாமதித்தால் ஆட்கள் போய்விடுவார்கள்.

முதல் முறை திறந்தபோது அவள் அழவில்லை.
கையில் உருளைக்கிழங்கு சீவும் கத்தி,
தோளில் ஈரத்துண்டு.
படியில் ரிப்பன் கட்டிய ஃபிரிட்ஜ்.
ஓராண்டு வாடகைக்கு ஒரு செக்,
ஆள் உயர அட்டையில்.
"இதை எந்த பேங்க்கில் நீட்டுவது?" என்றாள்.
மைக் பிடித்தவன் சிரித்துவிட்டான்.
அது வீண்.

இரண்டாவது முறை பக்கத்து வீட்டு நாய்.

பிறகு, கேமரா ஓடுவதை எல்லோரும் மறந்த நான்கு நிமிடம்.
தரை தெரிகிறது. யாருடையதோ ஒரு ஷூ தெரிகிறது.
அவள் குரல் மட்டும் மேலிருந்து வருகிறது:
"நாலு மணிக்குப் பையன் வந்துவிடுவான்.
அவன் முகம் வேண்டாம்.
அவன் வகுப்பில் எல்லோரும் இதைத்தான் பார்க்கிறார்கள்."
"கண்டிப்பாக" என்றது ஷூ.

மூன்றாவது முறை அழுதாள்.
அழச்சொல்லி யாரும் கேட்கவில்லை.
வாடகை பாக்கியோடு வாழ்கிறவளுக்கு
எதைச் செய்தால் வந்தவர்கள் கிளம்புவார்கள்
என்பது தெரிந்துவிடுகிறது.

ஒரு காலத்தில் பரிசில் வாங்கியவர்
பாட்டைப் பாடிவிட்டுத் திரும்பிப் போகலாம்.
இவள் மூக்கைச் சிந்தக்கூட
முகத்தை அந்தப் பக்கம் திருப்ப முடியவில்லை.
கொடுக்கிற கை மேலே இருக்கும்படி
சட்டகத்தை நான் வெட்டுகிறேன்.
பியானோ சேர்க்கிறேன்.

கோல்பியைத் திட்ட எனக்கும் ஆசைதான்.
ஆனால் ஃபிரிட்ஜ் நிஜம்.
ரிப்பனை அவிழ்த்ததும் அவள் அதில் முதலில் வைத்தது
ஐஸ் பெட்டியில் மிதந்துகொண்டிருந்த இன்சுலின்.
நான்கு குப்பிகள், ஒவ்வொன்றையும் துண்டில் துடைத்து.
புயல் பிடுங்கிய என் கூரைக்குத் தகரம் வந்ததும்
இப்படிப்பட்ட அழுகைகளில்தான்.
ஒன்றும் கொடுக்காதவர்கள்
இரவு முழுக்க அவனை ஏசுவார்கள்.
அது மலிவான நேர்மை.
அதிலும் எனக்குக் கொஞ்சம் பங்கு உண்டு.

கடைசிக் கோப்பு. நாலு மணி ஏழு நிமிடம்.
ஒற்றைத் தோளில் பை தொங்க
நடைபாதையில் பையன் வருகிறான்.
வேனைப் பார்க்கிறான், விளக்குகளைப் பார்க்கிறான்,
அட்டையில் தன் அம்மாவின் பெயரை வாசிக்கிறான்.
வாசிப்பது உதட்டில் தெரிகிறது.
பிறகு, தப்பான வீட்டுக்கு வந்துவிட்டவன் போல,
வந்த வழியே திரும்பி நடக்கிறான்.

ஆறு வினாடி. அந்த நாளில் எடுத்ததிலேயே
இதுதான் அழகான காட்சி.
கோல்பியும் கண்டுவிட்டான்:
"பையன் திரும்பிப் போவது தங்கம். முதலில் அதை வை."

விசைப்பலகையில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன்.
வெளியே யாரோ ஒரு டிரைசிக்கிளை
உதைத்து உதைத்துப் பார்த்தார்கள், கிளம்பவில்லை.
அழித்தேன். குப்பைத் தொட்டியிலிருந்தும் அழித்தேன்.
"அந்தக் கோப்பு கெட்டுப்போய் வந்திருக்கிறது, மன்னிக்கவும்"
என்று எழுதினேன்.
நானும் ஒன்று கொடுத்தேன், யாரும் பார்க்காமல்.
கொஞ்சம் பெருமையாக இருந்தது,
அதை ஒத்துக்கொள்ள வேண்டும்.
எழுந்துபோய்க் காப்பி போட்டேன்.

திரும்பி வந்தபோது திரையில் பதில்.
கோபமே இல்லை. அவன் நல்லவிதமாகத்தான் பேசுவான்.

"பரவாயில்லை மரிவிக்.
சனிக்கிழமை மறுபடி போகிறோம்.
பையன் அன்று முழுக்க வீட்டில்தான் இருப்பான்.
அவனுக்கும் ஏதாவது கொண்டுபோகலாம்.
சைக்கிள் எப்படி?"