அரைமணி நேரம் தொடாதே

யாகூட்ஸ்க் சந்தையில்
மீன் கடைக்கும் ரோமத் தொப்பிக் கடைக்கும் நடுவே
ஒன்றரை ஆள் அகலம் என் கடை.
அந்தப் பக்கம் வாளிகளில் மீன்கள்
விறகுக் கட்டைகளாய் நிமிர்ந்து நிற்கின்றன.
இந்தப் பக்கம் நரி வால்கள்.
நடுவில் நான், கைபேசிகளின் முதுகைத் திறந்துகொண்டு.

வெளியே இன்று நாற்பத்தேழு.
கழித்தல் குறியை இங்கே யாரும் உச்சரிப்பதில்லை.
ஊருக்கே பொதுவான குடும்பப்பெயரை
யார் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்?

எல்லாரும் ஒரே சொல்லோடு வருகிறார்கள்:
"செத்துப்போச்சு."
சாகவில்லை. விறைத்திருக்கிறது.
அறுபது சதவீதம் இருந்ததாம்,
பேருந்துக்கு நின்ற பத்து நிமிடத்தில் பூஜ்யமாம்.
குளிர் ஒரு திருட்டுக் கணக்குப்பிள்ளை.
பெட்டியில் பணம் இருக்கும்போதே
இல்லையென்று கைவிரிக்கும்.

கோட்டின் வெளிப்பையில் வைக்காதே என்கிறேன்,
உள்சட்டைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் வை.
சிக்னல் இல்லாத சாலையில் ஃப்ளைட் மோடு போடு,
இல்லாத கோபுரத்தைக் கூவிக் கூவியே
அது தொண்டை வறண்டுபோகும்.
வரைபடத்தை வீட்டிலேயே இறக்கிக்கொள்.
கையுறையைக் கழற்றாதே, மூக்கு நுனி போதும்.
மீன்காரி கியுன்னேய் மூக்காலேயே விலை அனுப்புகிறாள்,
எழுத்துப்பிழை என்னைவிடக் குறைவு.

வியாழக்கிழமை சாயங்காலம்
லாரிக்காரன் தியுலுஸ்தான் ஓடிவந்தான்.
புருவத்தில் பனி, ஒரு கையில் உறைந்த கைபேசி,
மறு கையில் சார்ஜர்.
செருகப் போனவனின் மணிக்கட்டில் ஓர் அடி வைத்தேன்.

உறைந்ததைச் சூட்டுக்குள் கொண்டுவந்தால்
அறையின் மூச்செல்லாம் அதன் வயிற்றில் தண்ணீராகும்.
அந்த நேரத்தில் மின்சாரம் கொடுப்பது கொலை.
பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை இறுக்கி
மேசைமேல் வைத்தேன்.
அரைமணி நேரம் தொடாதே.

"அரைமணியா" என்றான்.
லாரி நிறுத்தத்திலிருந்து நடக்கையில்
மனைவியின் செய்தி வந்ததாம்.
திரையில் மூன்று சொல் தெரிந்ததாம், அணைந்துவிட்டதாம்.

வீட்டைப் பூட்டிவிட்டேன். இனிமேல்

அவ்வளவுதான்.

தேநீர் ஊற்றினேன். அவன் குடிக்கவில்லை.
இனிமேல் தேடாதே, என்றான் சுவரைப் பார்த்து.
சற்றுக் கழித்து,
இனிமேல் சாவி அம்மாவிடம்.
அப்புறம், இனிமேல் நீயே சமைத்துக்கொள்.
உஸ்த்நேராவுக்கும் இங்கும் அலைந்த பதினோரு வருடமும்
அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால்
வரிசையில் நின்றது.

எனக்கு வாய் சும்மா இருக்காது.
அறிவிப்பில் முழுச் செய்தியும் தெரியும்படி வைக்கலாம்,
அமைப்புகளில் மூன்றாவது வரி, என்றேன்.
அவன் பார்த்த பார்வையில் தேநீர் ஆறிப்போயிற்று.
நிறுத்தினேனா? இல்லை.
கேபிளை ரப்பர் உறை போட்டதாக வாங்கு,
இது குளிரில் அப்பளமாய் நொறுங்கும்;
மடிக்கணினியை வண்டியில் விட்டிருந்தால்
அதற்கு ஒருமணி நேரம் கொடு;
எழுதுவது தானாகச் சேமிக்கும்படி வை.
பதற்றத்தில் நான் பேசுவது இப்படித்தான்.

பையின் வெளிப்புறத்தில் பனி பூத்து,
துளியாகி, வழிந்து
மேசையில் ஒரு சிறு குளமாயிற்று.
உள்ளே கண்ணாடி உலர்ந்திருந்தது.

இருபத்தெட்டாம் நிமிடம் எடுத்தான்.
இரண்டு நிமிடத்தை விட்டுக்கொடுத்தேன்.
பொத்தானை அழுத்தினான்.
சார்ஜரே இல்லாமல் முப்பத்தெட்டு சதவீதம்.
எங்கேயும் போயிருக்கவில்லை, உள்ளேயே இருந்திருக்கிறது.

படித்தான்.
மறுபடி மேலே தள்ளி முதலிலிருந்து படித்தான்.
மீன் வெட்டும் சத்தம்கூட நின்றிருந்தது,
கியுன்னேய் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
எங்களிடம் அவன் ஒன்றும் சொல்லவில்லை.
கோட்டைத் திறந்தான், கம்பளிச் சட்டையைத் திறந்தான்,
நெஞ்சோடு அதை வைத்து
ஒவ்வொரு பொத்தானாகப் போட்டுக்கொண்டு போனான்.

நான் சொல்லிக்கொடுத்ததால் அங்கே வைத்தானா,
தெரியாது.

சார்ஜரை மறந்துவிட்டான்.
திங்கட்கிழமை வரை பார்ப்பேன்,
அப்புறம் நூற்றைம்பது ரூபிளுக்குத் தள்ளிவிடுவேன்.