ஒரு ராடுக்கு மூணு பாட்டு

அட்டையில் பேண்டின் பேர்
கவாத்துப் பண்ணாத கிளுவை வேலி மாதிரி.
எந்த எழுத்து எங்கே தொடங்குகிறதென்று
எட்டு வருசமாய்க் கேட்கிற எனக்கே தெரியாது.
ஐந்தாவது ஆல்பம். பத்துப் பாட்டு. முப்பத்தெட்டு நிமிசம்.

கருமத்தம்பட்டி சகாயம் கேட்டுவிட்டுப் போன் செய்தான்:
"போன ஆல்பத்துக்கே மறுக்கா பெயிண்ட் அடிச்சு
உட்டுருக்கானுங்கடா."
அவன் கித்தார் வாசிக்கிறவன், தப்பாய்ச் சொல்ல மாட்டான்.
ஆமாம். அதே வண்டி, அதே சேஸ்.

வெள்ளக்கோயிலுக்குத் தெற்கே ஒரு மேட்டாங்காடு.
ராத்திரி பத்துக்குப் போர்வண்டியை நிறுத்தினோம்.
காதுமூடிக்குள்ளே இயர்போன்.
கம்ப்ரசர் எடுத்ததும் ஊரெல்லாம் ஒரே இரைச்சல்;
அதற்குள் இன்னொரு இரைச்சல்,
எனக்கு மட்டும்.

முதலில் வயலின் கூட்டம் ஒரு நிமிசம் அழும்,
எழவு வீட்டில் பந்தல் போடுகிற நேரம் போல.
அப்புறம் டிரம்ஸ்காரன்
திருப்பூர் ஓவர்லாக் மெசின் ரெண்டைக்
காலில் கட்டிக்கொண்டு இறங்குவான்.
பாடுகிறவன் பன்றியாவான், பாழுங்கிணறாவான்,
நடுவில் ஒரு காக்காய்.
வரிகளைத் தேடிப் படித்தேன்: உலகம் அழிகிறது.
போன ஆல்பத்திலும் அழிந்தது.

இரண்டே கால் நிமிசத்தில் எல்லாம் நிற்கும்.

நிற்கும் என்று தெரியும்.
ஒற்றைச் சொல்லைத் துப்புவான் என்று தெரியும்.
வேகம் பாதியாகும், பாதியும் பாதியாகி
டயர் வெடித்த லாரி ரிம்மில் ஊர்கிற மாதிரி
ஒவ்வொரு அடியாய் விழும் என்று தெரியும்.
தெரிந்தும் முதுகுத்தண்டு
புதுசாய்த்தான் அதிர்கிறது ஒவ்வொரு தடவையும்.

அந்த நிறுத்தத்தின் நீளம் இருக்கிறதே,
அதைச் சொல்ல வேண்டும்.
மயிரிழை குறைந்தால் தடுக்கி விழுந்த மாதிரி.
மயிரிழை கூடினால் வெறும் சவடால்.
நாலு பேர் ஒன்றாய் மூச்சைப் பிடித்து
ஒன்றாய் விடுகிறார்கள்.
ராடின் மரையில் ராடு நேராய் உட்கார்ந்தால்
'க்ளக்' என்று ஒரு சத்தம் வரும்.
கோணலாய் உட்கார்ந்தாலும் சத்தம் வரும், வேற சத்தம்.
அந்த வித்தியாசத்துக்குத்தான் எனக்குச் சம்பளம்.

நாங்கள் மட்டும் என்ன?
செம்மண், சுக்காம்பாறை, கேசிங், கருங்கல்.
திருச்செங்கோட்டில் கிளம்புகிற அத்தனை வண்டியும்
இதே வரிசையில்தான் இந்த பூமியைப் பாடுகிறது.

எழுநூறு அடிக்கு ஆல்பம் பத்துச் சுற்று ஓடி
பதினொன்றாவதின் பாதியில் நிற்கிறது.
அறுநூற்றைம்பதில் கொஞ்சம் ஈரம் காட்டி
மறுபடி வெள்ளைப் புழுதி.
காட்டுக்காரர் பாலதண்டபாணி
தலையோடு துண்டைச் சுற்றிக்கொண்டு
குழியையே பார்க்கிறார்.
"இன்னொரு ரெண்டு ராடு உட்டுப் பாருங்க தம்பி."

ரெண்டு ராடு என்றால் ஆறு பாட்டு.
ஏழாவது கொஞ்சம் சவசவ, ஒத்துக்கொள்கிறேன்.
எட்டாவதில் எழுந்துகொண்டார்கள்.
பத்தாவதின் கடைசியில் பியானோ.
வைக்காமல் இருப்பார்களா?
வைத்தார்கள்.

எழுநூற்று நாற்பதில் நிறுத்தினோம்.
ஒரு சொட்டு இல்லை.
எச்சில் தொட்டு எண்ணிக் கொடுத்தார்.
வாங்கக் கை கூசியது. வாங்கினேன்.

விடிகிற நேரம், கேபினில்,
ஜஷ்பூர்க்காரன் புத்ராம்
(தமிழில் கெட்ட வார்த்தை மட்டும் சுத்தமாய் வரும்)
என் இடது காதிலிருந்து பிடுங்கி
அவன் வலது காதில் மாட்டிக்கொண்டான்.
முகம் சுளித்தான்.
"நம்ம வண்டி" என்று சிரித்தான்.
கழற்றவில்லை.

மூணாவது பாட்டு.
அவனுக்கு இந்த ஜாதிப் பாட்டே இன்றைக்குத்தான்.
இரண்டே கால் நிமிசம்.
எல்லாம் நின்றது.
நான் பாட்டை விட்டுவிட்டு
அவன் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இறங்கியது,
சொல்லிவைத்தாற்போல.