நகத்தால் சுண்டிக் கேட்டது

உக்கடம், ஞாயிற்றுக்கிழமை.
செத்த சார்ஜர்கள், ஒற்றைச் செருப்பு, மிக்ஸி ஜார் மூடிகள்
இவற்றுக்கு நடுவே சாக்கு விரித்து
ஏழு சவரக்கத்திகள் வைத்திருந்தார்.
"வால்பாறை எஸ்டேட் பங்களாவுதுங் அக்கா.
தொரை வச்சிருந்தது."

தொரை என்றால் இருநூறு எச்சாக் கிடைக்கும் என்று
யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

முதலில் மூக்கு.
செல்லுலாய்டு பிடி புளித்து நாறினால்
உள்ளே இரும்பு அழுக ஆரம்பித்துவிட்டது,
பக்கத்துக் கத்தியையும் சும்மா விடாது.
இரண்டைத் தள்ளி வைத்தேன்.
மூன்றாவதில் கற்பூர வாசம். அது பிழைக்கும்.

துருவில் ரெண்டு தினுசு.
கறுத்தது உட்கார்ந்துவிட்ட துரு, இருந்துவிட்டுப் போகட்டும்.
சிவந்தது இன்னும் தின்றுகொண்டிருக்கிறது.
முதுகில் குழி என்றால் பேசலாம்.
வாயில் குண்டூசி முனையளவு இருந்தாலும்
பேச ஒன்றுமில்லை.

முனை ஒடிந்தது ஒன்று: பேரீச்சம்பழத்துக்கு.
நடுவாய் உள்வாங்கி முகம் சுளிப்பது ஒன்று;
அவசரக்காரன் தீட்டியது.
ஒன்றில் முத்திரை பளபளவென்று.
சோலிங்கனில் ஓர் எழுத்து குறைவு.
நம்மூர்ப் பட்டறை.
"அந்தக் காலத்துல அப்படித்தானுங் எழுதுவாங்க" என்றார்.
நான் சிரித்தேன். அவரும்.

ஏழாவது
எருமைக்கொம்புப் பிடி.
வாய் லேசாக வெளியே வளைந்து சிரிக்கிறது.
ஆணியைச் சுற்றி மயிரிழை விரிசலும் இல்லை.
விரலிடுக்கில் தொங்கவிட்டு நகத்தால் சுண்டினேன்.
மணிச்சத்தம்.
அதன் வாலில் மட்டும் ஒரு கரகரப்பு,
சளி கட்டிய தொண்டை போல.
வெயிலுக்குத் திருப்பினேன். குதிப்பக்கம் ஒரு கீறல்.
காதுக்குத் தெரிந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரிகிறது.

முதுகைப் பார்த்தேன்.
கல்லில் ஓடி ஓடி ஒருபக்கம் மழுங்கியிருந்தது.
இத்தனை வருஷத்தில் நான் பார்த்த கத்திகளில்
தேயாத பக்கம்.
பிடியில் கட்டைவிரல் உட்காரும் இடமும் மாறி இருந்தது,
அங்கே மட்டும் கொம்பு மெலிந்து, வழுவழுவென்று.
இடக்கைக்காரர்.
எழுபது வருஷம் பங்களாவில் கிடந்தும்
அவர் பூசிய தேங்காயெண்ணெய்
இன்னும் காயவில்லை.

"இதுக்கு என்ன தருவீங்?"
கீறல் இருக்குங்கண்ணா. நானூறு.
"ஐநூறாப் போடுங்."
நானூறு.
கற்பூரத்துக்கு முந்நூறு. மத்தது நீங்களே வச்சுக்குங்க.

ரசீதுப் புத்தகத்தை நீட்டினேன்.
ஆறுக்குட்டி, அன்னூர் என்று எழுதினார்,
இடது கையால், நிதானமாக,
பேனாவை மூன்று விரலில் சாய்த்துப் பிடித்து
தாளுக்கு வலிக்காமல்.
'யாருடையது' என்ற கட்டத்தில்
நான் வெறும் கோடு போட்டேன்.

பணத்தை எண்ணாமல் மடித்தார்.
"அந்தக் கீறல் எங்கீங்?"
காட்டினேன்.
காதருகே வைத்துச் சுண்டிக் கேட்டார், இரண்டு முறை.
"ஆமாங். ஆடியில கீழ விழுந்துச்சு."

சித்த நேரம் கழித்து,
"தொரை கையிலிருந்து."